வெள்ளிக்கிழமை வந்த மீன்பெட்டி

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்தின் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். கண்டாவளையில் எங்கள் வீட்டு விறாந்தையில், என்னைப் பெண் பார்க்க வந்தவர்களின் கண் முன்னால் ஒரு நண்டு ஓடியது. அதைப் பார்த்து நான் சிரித்தேன். அந்த ஒரு சிரிப்பால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. இன்றைக்கும் நண்டுக்கறி கொதிக்கிற வாசம் வந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தச் சிரிப்புத்தான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் எங்கள் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. காதலும் பகிடியும் கலந்த படம் என்றால் சாப்பாடு தண்ணீர் வேண்டாம். தமிழ், ஹிந்தி, சிங்களம், கொரியா, ஆங்கிலம் எதுவானாலும் சரி, கீழே எழுத்து ஓடினால் போதும். அதிலும் ஒரு பழக்கவழக்கத்தில் வளர்ந்த பெண்ணும் வேறொரு பழக்கவழக்கத்தில் வளர்ந்த பையனும் விரும்புகிற கதை என்றால் இரண்டு தரம் பார்ப்பேன்.

பார்க்கப் பார்க்க எனக்குள் கேள்விகள் வரும். உலகத்தில் எந்த நாட்டுப் படமானாலும் சம்பந்திகள் முதல் தரம் சந்திக்கிற இடத்தில் ஏன் சாப்பாட்டு மேசையில்தான் குழப்பம் வருகிறது? ஏன் ஒரு மாமா எப்போதும் வாயைத் திறந்து காரியத்தைக் கெடுக்கிறார்? ஒரு பாத்திரம் விழும், ஒரு நாய் ஓடும், ஒரு அத்தை மயங்குவார். எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு சண்டை. கடைசியில் யாராவது ஒருவர் விமான நிலையத்துக்கோ ரயில் நிலையத்துக்கோ ஓடிப்போய் நீளமாக ஒன்று பேசினால் எல்லாம் சரியாகிவிடும். இதையெல்லாம் நான் ஒரு பாடம் மாதிரிப் படித்து வைத்திருந்தேன்.

அன்று மாப்பிள்ளையாக வந்தவர் எங்கள் பாடசாலையில் கணிதம் படிப்பித்தார். சொந்த இடம் முல்லைத்தீவுக் கரையோரம். வேதக்கார, அதாவது கத்தோலிக்கக் குடும்பம், தகப்பன் கடலுக்குப் போகிறவர். பாடசாலைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஒருநாள் என்னிடமிருந்து ஒரு படத்தை வாங்கிக்கொண்டு போய், அடுத்த கிழமை திருப்பித் தந்தபோது சொன்னார்:

"நல்ல படம்தான் டீச்சர். ஆனா ரெண்டு குடும்பமும் கடைசிவரைக்கும் ஒருத்தரையொருத்தர் ஒரு கேள்விகூடக் கேக்கேல்லை. கவனிச்சனீங்களோ?"

நான் கவனிக்கவில்லை. அந்தப் படத்தை மூன்று தரம் பார்த்த நான் கவனிக்காததை, ஒரு தரம் பார்த்த இந்த மனிதர் கண்டுபிடித்துவிட்டாரே என்று எனக்கு ரோசம் வந்தது. பிறகு ரோசம் போய் வேறொன்று வந்தது. அதை இங்கே விரிக்கத் தேவையில்லை.

வீட்டில் சொன்னபோது அம்மா ஒரு கிழமை அழுதா. எங்கள் குடும்பம் யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து, குளத்துத் தண்ணீரை நம்பிக் காணி எடுத்துக் குடியேறிய குடும்பம். கோயில், விரதம், வயல் இவைதான் அம்மாவின் உலகம். "வேதக்காரர். அதிலயும் கடல்தொழில். எங்களுக்கும் அவைக்கும் எப்பிடியடி ஒத்துவரும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டா. அப்பா நாலு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் வயலால் வந்து கால் கழுவிக்கொண்டே சொன்னார்:

"ஒருக்கா வரச் சொல்லு. பாப்பம்."

அவ்வளவுதான். ஆனால் அப்பாவின் "பாப்பம்" என்ற சொல்லுக்குப் பொருள் எங்களுக்குத் தெரியும். இந்த ஒரு வருகை சரியாக நடந்தால் ஓம், பிழைத்தால் இல்லை. இரண்டாம் தரம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

நாள் குறிக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். படங்கள் பார்த்துத் தேர்ந்தவள் அல்லவா? சிக்கல் வருவது சாப்பாட்டில்தான். ஆகவே சாப்பாட்டால் சிக்கல் வரமுடியாத ஒரு நாளைத் தேடினேன். அப்போது அவர்களுக்குத் தவக்காலம் தொடங்கியிருந்தது. தவக்காலத்தில் தாங்கள் இறைச்சி சாப்பிடுவதில்லை என்று அவர் ஒருநாள் கதையோடு கதையாகச் சொல்லியிருந்தார். அதோடு, வெள்ளிக்கிழமைகளில் ஆசிரியர் அறையில் அவர் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போது நானும் கண்டிருக்கிறேன். பருப்பு, பூசணிக்காய், கீரை, இரண்டு அப்பளம். மீனின் முள்ளுகூட இராது. இரண்டையும் கூட்டிப் பார்த்தேன், விடை கிடைத்துவிட்டது. அவர்களுக்கும் வெள்ளி மரக்கறி, எங்களுக்கும் வெள்ளி மரக்கறி. இதைவிட நல்ல நாள் கிடைக்குமா?

அன்று பின்னேரம் வீட்டில் ஒரு பெரிய விளக்கவுரையே நடத்தினேன். அம்மா குசினி வாசலில் நின்றா. அப்பா விறாந்தையில் இருந்து கிழிந்த நெல்லுச் சாக்கு ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"தவக்காலம் நாப்பது நாளும் அவை இறைச்சி தொடமாட்டினம் அம்மா. வெள்ளிக்கிழமை அதைவிட விசேஷம். மீன், மச்சம் ஒண்டுமே இல்லை."

"அப்ப எங்களைப் போலத்தான்," என்றா அம்மா. கன நாளைக்குப் பிறகு அவவின் முகத்தில் வெளிச்சத்தைக் கண்டேன்.

அப்பா சாக்கூசியை நிறுத்தி ஒரேயொரு கேள்வி கேட்டார். "நாப்பது நாளும் இறைச்சி இல்லையோ?"

"ஓமப்பா. நாப்பது நாளும்."

அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பத் தைக்கத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை விடிய முதலே அம்மா வீடு முழுவதும் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தா. சாமி அறையில் விளக்கேற்றிச் சாம்பிராணி காட்டினா. கத்தரிக்காய்ப் பால்கறி, பயித்தங்காய், முருங்கைக்காய், வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம் என்று குசினி நிறைந்திருந்தது. என்னைப் போலவே பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு, அவர் தன்னுடைய மோட்டார் சைக்கிளில் முதலே வந்துவிட்டார். கிளிநொச்சிச் சந்தையில் வாங்கிய பழங்களும் ஒரு பெட்டி லட்டும் கொண்டுவந்தார். வீட்டுக்கு எதுவும் கொண்டுவரவேண்டாம், எல்லாம் தான் வாங்குகிறேன் என்று தாயிடம் சொல்லியிருக்கிறார். பாவம், தாய் கேட்பாவா?

கொஞ்ச நேரத்தில் படலையடியில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. அவருடைய தகப்பன் வெள்ளைச் சேர்ட்டும் தோளில் புதுத் துவாயுமாக இறங்கினார். தாய் நீலச் சேலையில். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஐஸ் அடைக்கிற ஒரு பெரிய வெள்ளை ரெஜிபோம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து விறாந்தையின் நடுவில் வைத்தார்கள்.

"என்னம்மா உது?" என்றார் அவர், முகம் மாறி.

"வெறுங்கையோடயே பொம்பிளை வீட்டுக்கு வாறது?" என்று சொல்லிக்கொண்டே தாய் மூடியைத் திறந்தா. அந்த முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்தேன். உடைத்த ஐசின் மேல் என் கை நீளத்துக்கு ஒரு அறக்குளா மீன். பக்கத்தில் ஒரு பை இறால். எல்லாவற்றுக்கும் மேலே கால் கட்டிய பெரிய பெரிய நண்டுகள்.

மீன்வாசம் விறாந்தை முழுவதும் பரவியது. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினா. அந்த நேரம் பார்த்து, கட்டு அவிழ்ந்த ஒரு நண்டு பெட்டியின் விளிம்பால் ஏறி "பொத்" என்று சீமெந்தில் விழுந்தது. விழுந்தது சும்மா கிடக்கவில்லை. பக்கவாட்டில் ஓடத் தொடங்கியது. மஞ்சள் தண்ணீர் தெளித்த தரையில் ஈரக் கோடு போட்டுக்கொண்டு, வீட்டுக்குள் நுழைந்து, நேரே சாமி அறைத் திரைச்சீலையை நோக்கிப் போனது.

நான் சிரித்துவிட்டேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு, சத்தமாக. என் தலைக்குள் அது ஒரு படக்காட்சியாகவே ஓடியது. இனி அம்மா கத்துவா, தகப்பன் நண்டைத் துரத்துவார், அப்பா கதிரையில் ஏறுவார், எல்லோரும் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பிலேயே எல்லாம் முடிவாகிவிடும் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே மற்றவர்களின் முகத்தைப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஐயோ, வெள்ளிக்கிழமையெல்லோ! அதை வெளியில வையுங்கோ! வெளியில!" என்று அம்மாவின் குரல் உயர்ந்தது.

அம்மா மீனைத்தான் சொன்னா. ஆனால் எங்கள் பகுதி வீடுகளின் வாசல்களில் சாதியின் பேரால் "வெளியில" என்ற சொல்லைக் கேட்டு நின்றவர்கள் பலர் இருக்கிறார்கள், அது மீனோடு மட்டும் நிற்கிற சொல் அல்ல. தாயின் முகம் அப்படியே இறுகிப்போனது.  தகப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சாமி அறைத் திரைச்சீலைக்கு முன்னால் நின்றார், அதைத் தாண்டிக் கையை நீட்டவில்லை. குனிந்தபடி, நண்டு தானாக வெளியே வரும்வரைக்கும் காத்திருந்து, ஒரே பிடியில் பிடித்துக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் போட்டு மூடியை அழுத்தினார். பிறகு தோளில் கிடந்த புதுத் துவாயை எடுத்து, நண்டு போட்ட ஈரக் கோட்டைச் சாமி அறை வாசலிலிருந்து விறாந்தை வரைக்கும் முழங்காலில் நின்று துடைத்துக்கொண்டு வந்தார். 

சாப்பாடு நடந்தது. நான்தான் பரிமாறினேன். தகப்பன் கத்தரிக்காய்க் கறி நல்ல ருசி என்று சொன்னார். அப்பா கடல் இப்போது எப்படி என்று கேட்டார், ஏதோ பதில் வந்தது. தாய் ஒரு பிடி சோற்றுக்கு மேல் சாப்பிடவில்லை. கோபமாக்கும் என்று நினைத்தேன். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பவேயில்லை. போகும்போது தாய் என் கிட்ட வந்து நின்று, மெல்லிய குரலில் கேட்டா:

"பிள்ளைக்கு எங்களைப் பாக்கச் சிரிப்பா இருந்ததோ?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டா.  ஓட்டோ புறப்பட்டது, மீன்பெட்டியும் வந்த வழியே போனது.

பின்னேரம் அவர் தொலைபேசி எடுத்தார். "அம்மா வேண்டாமெண்டிட்டா," என்றார்.

"எங்கட அம்மா சொன்னதுக்கோ?"

"இல்லை. அது அவாவுக்கு விளங்குது. விரத வீட்டுக்கு மீன் கொண்டுவந்தது தங்கட பிழை எண்டுதான் சொல்லுறா. நீர் சிரிச்சதைத்தான் அவாவால தாங்கேலாமக் கிடக்கு. கடற்காரர் எண்டுதானே சிரிச்சது எண்டு கேக்கிறா. நான் என்னத்தைச் சொல்லுறது?"

 பிறகுதான், எல்லாம் முடிந்த பிறகுதான், நான் முதல்முதலாக ஒரு கேள்வி கேட்டேன்.

"நீங்கள் தவக்கால வெள்ளியில மீன் சாப்பிடுவியளோ?"

"இறைச்சிதானே இல்லை. மீன் சாப்பிடுவம். கரையில இருந்துகொண்டு மீன் இல்லாமல் என்னத்தைச் சாப்பிடுறது?"

"அப்ப வெள்ளிக்கிழமையில உங்கட பார்சல்?"

"அது நான் இருக்கிற வீட்டு அம்மா கட்டித் தாறது. அவா சைவக்காரி. வெள்ளிக்கிழமை எனக்கு மட்டும் தனியா மீன் காய்ச்சுவாவோ?"

எவ்வளவு சின்ன விஷயம்! அந்த வீட்டு அம்மாவின் விரதத்தை நான் அவருடைய தவமாக எழுதிக்கொண்டுவிட்டேன். இரண்டு அவதானிப்பை வைத்துக்கொண்டு முடிவு எழுதுகிற பிள்ளைகளுக்குச் சிவப்புப் பேனையால் கோடு போட்டுப் புள்ளி குறைக்கிறவள் நான். அந்த நேரம் என் மேலேயே எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. அவர் மேலும் கொஞ்சம் கோபம் வந்தது. வெள்ளிக்கிழமை எங்களுக்கு என்ன நாள் என்று பார்சலைப் பார்த்தாவது தாயிடம் சொல்லியிருக்கலாம்தானே? கேட்டேன். "அம்மா பெட்டியோட வருவா எண்டு நான் கனவே கண்டனான்?" என்றார். அதுவும் சரிதான்.

பிறகு அவர் சொன்ன இரண்டு விஷயங்கள்தான் என்னை அழவைத்தன. அன்று விடியற்காலை கரைக்கு வந்த மீனில் முதல்தரமானதை விற்காமல் தகப்பன் எங்களுக்கென்று எடுத்து வைத்தாராம். தாய்க்குத் தவக்கால வெள்ளி விரதமாம். பின்னேரம் கோயிலில் சிலுவைப்பாதை முடிந்த பிறகுதான் வாயில் ஏதும் வைப்பாவாம். எங்கள் வீட்டில் சாப்பிடாவிட்டால் நாங்கள் குறையாக நினைப்போம் என்று, அந்த ஒரு பிடியைச் சாப்பிட்டிருக்கிறா. நான் சிரித்த பிறகு சாப்பிட்டிருக்கிறா.

சனிக்கிழமை முழுவதும் எனக்குத் தெரிந்த வழியைத்தான் தேடினேன். பழைய படங்களைப் போட்டுக் கடைசிக் காட்சிகளை மட்டும் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒருவர் ஓடுகிறார், மூச்சு வாங்க நின்று பேசுகிறார். நானும் கொப்பித்தாளில் ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு பேச்சு எழுதினேன். வாசித்துப் பார்த்தால் பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினர் பேசுவது மாதிரி இருந்தது. ஆனாலும் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி முல்லைத்தீவுக்குப் போகப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன்.

"குமர்ப்பிள்ளை தனிய அந்த வீட்டுக்குப் போறதோ? நல்லாயிருக்கு!" என்றா அம்மா.

"நான் கூட்டிக்கொண்டு போறன்," என்றார் அப்பா.

நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அப்பா இந்த விஷயத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்கவும் எங்களுக்குத் துணிவில்லை.

ஞாயிறு காலை அப்பாவின் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். முன்பக்கத்தில், அவருடைய கால்களுக்கிடையில், வாய் கட்டிய உரப்பை ஒன்று கிடந்தது. என்னவென்று கேட்டேன். "ஒண்டுமில்லை, இரு," என்றார். நான் வழிநீளம் என் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். தர்மபுரம் கழிந்தது. விசுவமடுவில் ஒரு குழிக்குள் சில்லு விழுந்து எழும்பியபோது உரப்பைக்குள் இருந்து "கொக்" என்று ஒரு சத்தம் வந்தது.

"அப்பா! உதுக்குள்ள கோழியே?"

"ஓம். ரெண்டு பேடு. எங்கட வளவில நிண்டதுதான்."

"தவக்காலமப்பா! நாப்பது நாளும் இறைச்சி தொடமாட்டினம் எண்டு உங்களுக்குச் சொன்னனானெல்லோ!"

அப்பா மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தினார். சேர்ட் நுனியால் பக்கக் கண்ணாடியைத் துடைத்தார்.

"அப்பிடியோ? மறந்துபோனன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. புதுக்குடியிருப்பில் தெரிந்த கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கோழியை விட்டுவிட்டுப் போவோம் என்று கெஞ்சினேன். அப்பா அசையவில்லை. "வெறுங்கையோடயே ஒரு வீட்டுக்குப் போறது?" என்றார். வெள்ளிக்கிழமை அந்தத் தாய் சொன்ன அதே சொல். மூடியைத் திறந்தபோது அவ சொன்ன அதே மாதிரியே சொன்னார்.  வட்டுவாகல் பாலத்தைக் கடந்தோம். யுத்தத்தின் கடைசி நாட்களில் சனம் நடந்து கடந்த அந்தப் பாலத்தில் அப்பா எப்போதும் பேசமாட்டார்.

அவர்கள் அப்போதுதான் பூசை முடிந்து கோயிலால் வந்திருந்தார்கள். முற்றத்தில் வலை காயவிட்டிருந்தது. தகப்பன் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். தாய் அதே நீலச் சேலையோடு வாசலில் நின்றா. அவரும் வீட்டில்தான் நின்றார். நான் வருவதாகச் சொல்லவில்லை, என்னையும் அப்பாவையும் கண்டதும் விறைத்துப்போய் நின்றுவிட்டார்.

"வாங்கோ ஐயா, இருங்கோ," என்று தாய் அப்பாவுக்குக் கதிரையைக் காட்டினா. எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

கைப்பைக்குள் ஒன்றரைப் பக்கம் இருந்தது. அதில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. "அன்ரி, நான் உங்களைப் பாத்துச் சிரிக்கேல்லை," என்றேன். "நண்டு ஓடினது படத்தில வாற மாதிரி இருந்தது. எல்லாரும் சிரிப்பினம் எண்டு நினைச்சுச் சிரிச்சுப்போட்டன். உங்கட முகத்தை நான் முதல்ல பாத்திருக்கவேணும். பாக்கேல்லை. என்ரை பிழை."

 நான் சொன்னதை நம்புவதா விடுவதா என்று யோசிப்பது போலத் தாய் என்னையே பார்த்துக்கொண்டு நின்றா.  அப்பாதான் அடுத்துப் பேசினார்.

"அம்மா, இது எங்கட வளவுக் கோழி. உங்களுக்கெண்டு கொண்டுவந்தனான்," என்று சொல்லி, உரப்பையை முற்றத்தில் வைத்துக் கட்டை அவிழ்த்தார்.

எப்படித்தான் அவிழ்த்தாரோ, இரண்டும் ஒரே பாய்ச்சலில் வெளியே வந்தன. ஒன்று காயவிட்ட வலையில் ஏறிக் கால் சிக்கிக்கொண்டு ஊரைக் கூட்டியது. மற்றது இறக்கையை அடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடி, இயேசு படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றி வைக்கும் மேசைக்குக் கீழே போய் நின்றுகொண்டது. நான் இரண்டு கையாலும் என் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பு வந்து பொத்தவில்லை, பயத்தில் பொத்தினேன்.

"ஐயோ ஐயா, தவக்காலமெல்லோ!" என்றா தாய். "உயிர்த்த ஞாயிறு வரைக்கும் எங்கட சட்டியில இறைச்சி ஏறாது."

அப்பா வெறும் உரப்பையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்து நின்றார். எங்கள் ஊரில் வாய்க்கால் கூட்டத்தில் அவர் எழும்பி நின்றால் மற்றவர்கள் இருந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட மனிதரை அந்தக் கோலத்தில் நான் அதுவரை கண்டதில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா. எங்களுக்கு உங்கட முறையள் தெரியாது. வெளியில விடட்டோ?"

தாய் அவரை நிமிர்ந்து பார்த்தா. "வெளியிலயோ? ஏன் வெளியில? அது உள்ளுக்கே நிக்கட்டும் ஐயா," என்றா.

அந்த நேரம் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. தகப்பன் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். வலையில் சிக்கிய கோழியை எடுக்கப்போன மகனும் சிரித்துவிட்டார். தாய் அடக்கிப் பார்த்தா. முடியாமல் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தா. பிறகு என் பக்கம் திரும்பினா.

"என்ன பிள்ளை, வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறீர்? இப்ப சிரியும்!"

என்னால் சிரிக்க முடியவில்லை. ஓவென்று அழுதுவிட்டேன். அவ வந்து என் கையைப் பிடித்துக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனா. "மீன் வெட்டத் தெரியுமோ?" என்று கேட்டா. தெரியாது என்றேன். "தெரியாட்டிக் கேளும். சொல்லித் தருவன்," என்றா. அன்று மத்தியானம் அப்பா மீன்குழம்போடு மூன்று தரம் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டார். வெள்ளிக்கிழமைப் பெட்டியில் வந்த அறக்குளாவை என்ன செய்தீர்கள் என்று நான் கேட்டேன். தெருவில் எல்லா வீட்டுக்கும் வெட்டிக் கொடுத்துவிட்டார்களாம்.

கோழிகளை உயிர்த்த ஞாயிறு வரைக்கும் வளர்ப்பது, அன்றைக்கு எங்கள் அம்மாவும் வந்து எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவது என்று முடிவானது. அம்மா வந்தா. கொஞ்சம் தயங்கித் தயங்கித்தான் படலையைத் தாண்டினா. ஆனால் அதற்கிடையில் ஒரு பேடு வலைக் குவியலுக்குள் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கிவிட்டது. மற்றதைத் தனிய எப்படி அறுப்பது என்று தாய்க்கு மனம் வரவில்லை. கடைசியில் ஆட்டிறைச்சி வாங்கித்தான் சமைத்தார்கள். அம்மா புறப்படும்போது அவர்களுடைய கோயில் கலண்டர் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தா. இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் பஞ்சாங்கக் கலண்டருக்குப் பக்கத்தில் அதுவும் தொங்குகிறது. யாரையாவது கூப்பிடுவதானால் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் அம்மா நாள் சொல்லுவா.

அந்த வருடம் ஆவணியில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. இப்போது கிளிநொச்சியில் இருக்கிறோம். படப் பைத்தியம் இன்னும் போகவில்லை. ஆனால் இரண்டு குடும்பங்கள் சந்திக்கிற காட்சி வந்து, எல்லோரும் சிரிக்கிற இடத்தில், நான் படத்தை நிறுத்திவிடுவேன். சிரிக்காமல் நிற்கிறவர் யார் என்று தேடுவேன். அநேகமாக ஒரு மூலையில் ஒருவர் நிற்பார். "இப்பிடி நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்தா விடிஞ்சிடும்," என்று இவர் சத்தம் போடுவார்.

ஒரு கேள்விக்கு மட்டும் எனக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை. எந்த வருடம் எந்தத் திகதியில் குளத்துக் கதவு திறந்தார்கள், எந்த வயல் வரவையில் எந்த நெல் போட்டோம் என்றெல்லாம் கேட்டவுடன் சொல்லுகிற என் அப்பா, சாக்குத் தைத்துக்கொண்டு "நாப்பது நாளும் இறைச்சி இல்லையோ?" என்று தன் வாயாலேயே கேட்ட அப்பா, அதை ஒரு கிழமைக்குள் எப்படி மறந்தார்? இரண்டு தரம் கேட்டிருக்கிறேன். "மறந்துபோனன் எண்டு அண்டைக்கே சொன்னனெல்லோ," என்று வயலுக்குப் போய்விட்டார். போன மாதம் மூன்றாம் தரம் கேட்டேன். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பி, "ஏன், அண்டைக்கு அவை சிரிக்கேல்லையோ?" என்றார்.

அது விடையா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இப்போதெல்லாம் யாராவது என் முன்னால் பிழையாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால், சிரிப்பு வருவதற்கு முன்னால், அதை எங்களுக்காக எவ்வளவு தூரம் சுமந்துகொண்டு வந்திருப்பார்கள் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.